பழசின் பாவனை: வண்ணம் பூசிய நாற்காலியை வாசித்தல்

1

பழைய நாற்காலி ஒன்றுக்கு வண்ணம் பூசுவதில் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியை முதலிலேயே எதிர்கொண்டுவிடலாம். கவிதையும் நாவலும் மட்டுமே 'பிரதி' என்று நம்புகிறவர்கள் தமிழில் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்குச் சொல்லித் தரப்பட்டதும் அதுதான். ஆனால் வீட்டுக்குள் கிடக்கிற சாமான்களும் யாரோ எழுதியவை, யாரோ அழித்தவை, யாரோ மேலெழுதியவை. அழிப்பதும் மேலெழுதுவதும் ஒரே மூச்சில் நடக்கிற இடம் என்பதால்தான் இந்த வண்ணப்பூச்சு விவகாரத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். பழைய மேசையோ அலமாரியோ நாற்காலியோ கிடைக்கிறது. அதைத் துடைத்து, தேவைப்பட்டால் உப்புக்காகிதத்தால் தேய்த்து, வெளிறிய நிறமொன்றைப் பூசுகிறார்கள். பிறகு ஒரு படத்தை அதன்மேல் இடம்மாற்றுகிறார்கள். பெரும்பாலும் ரோஜாக்கொத்து, பட்டாம்பூச்சி, பழைய தாவரவியல் படம், அல்லது பாரிஸ் கடையொன்றின் விலாசம் மாதிரியான பிரெஞ்சு எழுத்துகள். இதற்கான வழிமுறை கவனிக்கத்தக்கது. படத்தை லேசர் அச்சில் எடுக்க வேண்டும். மைபீச்சும் அச்சு என்றால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். இடம் வலமாக மாறிய கண்ணாடிப் பிம்பமாக அச்சடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் எழுத்து தலைகீழாகிவிடும். பசை தடவிய மரத்தின்மேல் அச்சுப் பக்கம் கீழாக ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் காகிதத்தை நனைத்து விரலால் தேய்த்தால் அது திரிதிரியாக உருண்டு வந்துவிடும். மை மட்டும் மரத்தில் தங்கிவிடும். அதற்கு மேல் வார்னிஷ் அல்லது மெழுகு. முடிந்தது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு, குச்சியால் தேய்த்தாலே ஒட்டிக்கொள்கிற தயார்ப் படங்களும் விற்கின்றன.

காகிதம் போய்விடுகிறது, படம் நிற்கிறது. தன்னைச் சுமந்து வந்ததைத் தானே உதறிவிட்டு, எங்கேயும் பிறக்காதது போலப் புது இடத்தில் உட்கார்ந்துகொள்கிற படம் இது. 

'அப்சைக்ளிங்' என்று இதற்குப் பெயர். ரெய்னர் பில்ஸ் என்கிற ஜெர்மானியப் பொறியாளர் 1994இல் 'சால்வோ' இதழில் பேசியபோது இந்தச் சொல் அச்சேறியது. அவர் பேசியது கட்டட இடிபாடுகள் பற்றி. மறுசுழற்சி என்ற பெயரில் நல்ல செங்கல்லையெல்லாம் நொறுக்குகிறீர்களே, பழைய பொருளுக்கு மதிப்பைக் கூட்ட வேண்டாமா, குறைப்பதா என்பது அவர் ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் இந்தச் சொல்லுக்குள்ளேயே 'மேலே' என்கிற ஒரு திசை உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை மேலே தூக்குகிறேன் என்று சொல்லும்போதே அது கீழே கிடந்தது என்ற தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. யார் வழங்கிய தீர்ப்பு? எந்தக் கண்ணுக்கு அது கீழே? இதுதான் என் கேள்வி.

2

இதை எதிர்க்கிறவர்கள் வழக்கமாக எடுக்கிற ஆயுதம் 'அசல்'. தேக்கில் இழைத்த பொருள்மேல் பெயின்ட் அடிக்கலாமா, ரேகை தெரியவேண்டிய மரத்தை இப்படி மூடலாமா, இது போலி இல்லையா என்று கேட்பார்கள். இந்த ஆயுதம் மழுங்கியது என்பதை இந்தக் கலையின் வரலாறே காட்டிவிடும்.

பதினேழாம் நூற்றாண்டில் சீனத்து, ஜப்பானியத்து அரக்குப்பூச்சுச் சாமான்கள்மேல் ஐரோப்பாவுக்குப் பெரிய மோகம். அந்தப் பூச்சுக்கு வேண்டிய மரப்பால் அங்கே கிடையாது. ஆகவே போலி செய்தார்கள். ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் 1688இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கென்றே ஒரு செய்முறைப் புத்தகம் வெளியிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வெனிசில் இன்னொரு படி கீழே இறங்கி, கையால் வரையக்கூடச் செலவாகிறது என்று, அச்சடித்த படங்களை வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டி வார்னிஷைப் பூச்சுமேல் பூச்சாக ஏற்றினார்கள். 'ஏழை அரக்கு' என்று அதற்குப் பெயர். பஸ்ஸானோ ஊரின் ரெமோந்தினி அச்சகம் வெட்டுவதற்கென்றே படத்தாள்களை அடித்து விற்றது. ஆக, போலியின் போலி. அதன் போலியைத்தான் இன்றைக்கு நாம் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புகளில் கற்றுக்கொள்கிறோம். இந்தச் சங்கிலியில் எங்கே போய் அசலைத் தேடுவது?

நம்முடைய ஊர் பெயரும் இந்தச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கை. சீனத்தில் செய்த பெரிய மடிப்புத் தட்டிகள், சித்திரம் செதுக்கிய அரக்குத் தட்டிகள், ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக மேற்கே போயின. போன இடத்தில் அவற்றுக்கு 'கோரமண்டல்' என்று பெயர் விழுந்துவிட்டது. இன்றுவரை அதே பெயர்தான். செய்தவன் சீனன், வாங்கியவன் ஐரோப்பியன், பெயர் நம் கடற்கரையுடையது. ஒரு பொருளின்மேல் அதற்குச் சம்பந்தமில்லாத பெயரே இப்படி ஒட்டிக்கொள்ளும் என்றால், படம் ஒட்டுவதைப் பற்றிப் புலம்ப என்ன இருக்கிறது?

எனவே போலி என்பதல்ல என் புகார். ஒவ்வொரு போலிக்குப் பின்னாலும் எந்த உழைப்பு காணாமல் போனது என்று கேட்பதுதான் உபயோகமான கேள்வி. லிவர்பூல் அச்சுக்காரர்களான ஜான் சாட்லரும் கை கிரீனும் 1756 ஆகஸ்ட் 2இல் ஒரு சத்தியப் பிரமாணம் செய்தார்கள். வேறு யார் உதவியும் இல்லாமல் ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படத்தை இடம்மாற்றி அச்சிட்டோம் என்றார்கள். அதே நேரத்தில் தேர்ந்த ஓவியர்கள் நூறு பேர் வரைவதைவிட இது அதிகம் என்பதும் அந்தப் பிரமாணத்தில் இருக்கிறது. படத்தை இடம்மாற்றுகிற தொழில்நுட்பத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று இதைச் சொல்லலாம். அதிலேயே அந்த நூறு ஓவியர்களின் வேலைநீக்க உத்தரவும் சேர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. 

இந்த வரலாற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1760ஐ ஒட்டி லண்டனில் ராபர்ட் சேயர் வெளியிட்ட படத்தொகுப்பின் பெயர் 'பெண்களின் பொழுதுபோக்கு' என்ற பொருள்படுவது. வெட்டி ஒட்டுவதற்கான சித்திரங்கள் அதில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. தச்சு ஆண்களின் தொழில், ஒட்டுவது பெண்களின் பொழுதுபோக்கு என்ற பிரிவினை அப்போதே அச்சாகிவிட்டது. இன்று நம் ஊரில் இந்த வேலையில் இறங்குகிற பெண்களை 'வேலை வெட்டி இல்லாதவங்க' என்று நக்கலடிக்கிற விமர்சனமும் அதே பிரிவினையைத்தான் திரும்ப உச்சரிக்கிறது. அந்த நக்கலில் எனக்குப் பங்கில்லை. கையில் பிரஷ் எடுத்து, ஆசாரி கிடைக்காத ஊரில், காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு ஸ்டூலை நிறுத்தி வைத்த பெண்ணின் செயலில் ஒரு சுயாதீனம் இருக்கிறது. நான் பேச வருவது அந்தக் கை பற்றி அல்ல. அந்தக் கைக்குத் தரப்பட்டிருக்கிற படங்கள் பற்றி, அவை கொண்டுவருகிற காலம் பற்றி.

3

ரேச்சல் ஆஷ்வெல் 1989இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 'ஷாபி ஷிக்' என்று ஒரு கடை திறந்தார். கந்தலின் ஒயில் என்று அதைத் தமிழில் சொல்லலாமா? மறுவருஷம், 1990இல், இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 'சாக் பெயின்ட்' என்கிற பூச்சை உருவாக்கினார். பளபளப்பில்லாமல், சுண்ணக்கட்டி மாதிரி மங்கலாக நிற்கும். அடிப்பூச்சு வேண்டாம், பெரும்பாலும் தேய்க்கவும் வேண்டாம், நேரே பூசலாம். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. அதன் சாரம்: பழசாகத் தெரிவது.

பழசாக 'இருப்பது' வேறு, பழசாகத் 'தெரிவது' வேறு. நிஜமாகவே பழைய சாமானைப் புதுசாகப் பூசி, பூசியதை மறுபடி உரசி, பழசு போலக் காட்டுகிறார்கள்! இரண்டு பூச்சுக்கு நடுவே ஆங்காங்கே மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்தால் மேல்பூச்சு அங்கே பிடிக்காது. பிறகு லேசாக உரசினால் உதிர்ந்து, கீழ் நிறம் எட்டிப் பார்க்கும். அறுபது வருஷம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது.

பியர்ஸ் என்கிற அமெரிக்கத் தத்துவவாதியின் பாகுபாடு இங்கே கை கொடுக்கும். புகை நெருப்பைக் காட்டுவது போல, காரணத்தோடு உடல்ரீதியாகக் கட்டுண்ட குறி சுட்டுக்குறி. சாயலால் மட்டும் காட்டுவது உருக்குறி. பழைய நாற்காலியில் உண்மையான தேய்மானம் எங்கே இருக்கும் என்று பாருங்கள். கைப்பிடியின் முனையில், அதுவும் ஒரு பக்கம் கூடுதலாக. எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து கறுத்த சாய்மானத்தில். கீழே குறுக்குச்சட்டத்தில், பாதம் ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளத்தில். அது ஒரு குறிப்பிட்ட உடம்பின் எழுத்து. செயற்கைத் தேய்மானமோ எல்லா விளிம்பிலும் சமமாக, நான்கு மூலையிலும் ஒரே அளவாக இருக்கிறது. யாருடைய உடம்பும் அப்படித் தேய்க்காது. சுட்டுக்குறியை அழித்துவிட்டு அந்த இடத்தில் உருக்குறியை வைக்கிறார்கள். 'யாரோ ஒருவர் இங்கே உட்கார்ந்தார்' என்பது போய், 'எல்லாம் எவ்வளவு பழசு பார்' என்பது வந்துவிடுகிறது.

போத்ரியார் 1968இல் எழுதிய 'பொருட்களின் அமைப்பு' நூலில் பழம்பொருள் பற்றிச் சொல்வது இதுதான்: நவீன வீட்டில் அதற்குப் பயன்பாடு கிடையாது, காலத்தைக் குறிப்பதே அதன் வேலை, குறிப்பதும் நிஜமான காலத்தை அல்ல, காலத்தின் பண்பாட்டு அடையாளத்தை. சரிதான். ஆனால் அவர் பார்த்த பழம்பொருளிடம் குறைந்தது சொந்தத் தழும்பு இருந்தது. இங்கே தழும்பும் வெளியிலிருந்து வருகிறது. பெஞ்சமின் பத்தொன்பதாம் நூற்றாண்டு பூர்ஷ்வா வீட்டைப் பற்றிப் பேசும்போது, குடியிருப்பது என்றால் தடம் பதிப்பது என்று கொள்கிறார். வெல்வெட்டும் உறைகளும் தொட்டதையெல்லாம் பதித்துக்கொள்ளும் என்பார். நம்முடைய சாக் பெயின்ட் வீட்டில் தடம் முன்கூட்டியே பதிக்கப்பட்டு வருகிறது. குடியிருப்பவருக்குப் பதிக்க ஒன்றும் மிச்சமில்லை.

தேய்க்கிற உடம்பையும் மறந்துவிடக் கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய பழைய பூச்சை உலர்ந்தபடியே உரசும்போது பறக்கிற தூசியில் ஈயம் இருக்கலாம். வகுப்பில் முகமூடி கொடுப்பார்கள். விற்பனைக்காகக் கொட்டகையில் நாளெல்லாம் தேய்க்கிற பையனுக்கு யார் கொடுப்பது? பழமையின் பாவனையை ஒருவர் வரவேற்பறையில் வைக்கிறார், அதன் தூசியை இன்னொருவர் நுரையீரலில் வைத்துக்கொள்கிறார்.

4

இனி நம் ஊர் நாற்காலிக்கு வரலாம். இங்கே உட்காருவது என்பது வெறும் உடல் வசதி சார்ந்த விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் நாற்காலியில், யார் திண்ணையில், யார் தரையில், யார் வாசலுக்கு வெளியே நின்றபடி என்பதுதான் ஊரின் இலக்கணம். டீக்கடை பெஞ்சுக்கும் இந்த இலக்கணம் உண்டு. இது கடந்த காலம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தான் மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிற படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. தேர்தலில் வென்ற தலைவருக்கு, அவருடைய கூட்டத்தில், நாற்காலி இல்லை. 2023இல் வந்த மாரி செல்வராஜின் 'மாமன்ன'னும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் உட்காருவதா நிற்பதா என்ற கேள்வியைத்தான் மையத்தில் வைத்தது.

ஆக, ஒரு பழைய பண்ணை வீட்டு நாற்காலியை நான் பார்க்கும்போது அதில் உட்கார்ந்தவரின் தடம் மட்டும் எனக்குத் தெரிவதில்லை. அதன் எதிரே நின்றுகொண்டிருந்தவர்களின் தடமற்ற தன்மையும் தெரிகிறது. அவர்கள் மரத்தில் எதையும் பதிக்கவில்லை, பதிக்க அனுமதி இல்லை. அந்தக் கைப்பிடியின் மினுமினுப்புத்தான் அவர்கள் நின்றதற்கும் ஒரே சாட்சி. அதன்மேல் லாவெண்டர் கொத்தை இடம்மாற்றி ஒட்டும்போது என்ன நடக்கிறது? பழமை என்கிற இன்பம் கிடைக்கிறது, அந்தப் பழமையை உண்டாக்கிய உறவு காணாமல் போகிறது. நின்றவர்கள் இல்லாத நாற்காலி. நாம் பார்த்தே இராத ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் ஏக்கத்தை இங்கே கொண்டுவந்து, நம் சொந்தக் கிராமத்தின் கணக்கை மூடுகிறோம். பாரிஸ் கடை விலாசம் ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு இதுதான் என் பதில். அந்த விலாசத்தில் நமக்குக் கடன் எதுவும் இல்லை.

'அப்படின்னா பெயின்ட் அடிக்காம பாலிஷ் போட்டு வெச்சா சரியாயிடுமா?' என்று கேட்கலாம். சரியாகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நடந்து பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்த பர்மாத் தேக்குச் சாமான்கள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், படங்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்து ஏற்றிய பாலிஷில் மரத்தின் ரேகை மின்னுகிறது. இது 'மரபு' என்று விற்கப்படுகிறது. மரத்தின் ரேகையைக் காட்டுவதாலேயே வரலாற்றைக் காட்டியதாகிவிடாது. பர்மாவில் வட்டித் தொழில், கைமாறிய வயல்கள், காட்டில் வெட்டியவர்கள், இழைப்புளி பிடித்த ஆசாரி என்ற எதுவும் அந்த மினுக்கில் தெரிவதில்லை. சாக் பெயின்ட் மூடி மறைக்கிறது, பாலிஷ் காட்டி மறைக்கிறது. முன்னதை மலினம் என்றும் பின்னதை ரசனை என்றும் சொல்வது வர்க்கப் பேச்சே ஒழிய விமர்சனம் அல்ல.

நாற்காலிக்கு ஞாபகம் உண்டு என்பதைத் தமிழில் மிகத் துல்லியமாகச் சொன்னவர் கி. ராஜநாராயணன். அவருடைய 'நாற்காலி' கதையில், ஒரு வீட்டில் ஆசையாகச் செய்த நாற்காலி ஊரில் செத்தவரை உட்காரவைக்க இரவல் போகிறது. திரும்பி வந்ததைக் கழுவி வைத்தாலும் வீட்டில் யாருக்கும் அதில் உட்காரத் தைரியம் வரவில்லை. பயம் மரத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. கழுவினால் போகாத ஒன்று பொருளின்மேல் ஏறிக்கொள்கிறது என்பதை அந்த வீட்டார் அறிவார்கள். சிரித்துக்கொண்டே படிக்கிற கதைதான், ஆனால் அதில் ஒரு பொருளியல் கோட்பாடு இருக்கிறது. கழுவினால் போய்விடும் என்று நம்புகிற பாணிக்கு எதிரான கோட்பாடு அது.

5

ஒட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நம்மிடமும் ஒட்டுகிற மரபு உண்டு. அதைக் கலை என்று யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். தகர டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிய சினிமாப் படம். பீரோக் கதவில் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர், சுரண்டியும் பாதி போகாமல் நிற்பது. தள்ளுவண்டிப் பலகையில், டீக்கடை மேசைக் கண்ணாடியின் அடியில், முடிந்துபோன வருஷத்தின் காலண்டர் முருகன். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் வீடுகளுக்கு வந்தபோது பெண்கள் அவற்றைச் சும்மா மாட்டிவைக்கவில்லை. சரஸ்வதிக்குத் துணிப் புடவை வெட்டி ஒட்டினார்கள், ஜரிகை வைத்தார்கள், ஜிகினாவும் மணியும் தைத்தார்கள். லட்சக்கணக்கில் அடிக்கப்பட்ட ஒரே மாதிரிப் படம், ஒரு வீட்டின் படமாக மாறியது அப்படித்தான்.

இரண்டு ஒட்டுதலுக்கும் என்ன வித்தியாசம்? டிரங்குப் பெட்டிப் படம் பெட்டியைப் பழசாகக் காட்டுவதற்கோ புதுசாகக் காட்டுவதற்கோ ஒட்டப்பட்டதல்ல. ஒட்டியவருடைய ஆசையை அது அந்தப் பெட்டியில் தேதியோடு பதிவு செய்தது. எந்த நடிகர் என்று பார்த்தாலே எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம். பெட்டி இன்னும் பெட்டியாகவே, தகரம் தகரமாகவே தெரியும். மேலே ஒரு வரி கூடுதலாக எழுதப்பட்டிருக்கும். அங்கே படம் சேர்த்தது. இங்கே படம் பதிலீடு செய்கிறது. தேதியற்ற ரோஜா, தேதியற்ற பிரெஞ்சு எழுத்து, தேதியற்ற தேய்மானம். எந்த ஊரின் நாற்காலிக்கும் அது பொருந்தும் என்பதே அதன் குற்றம்.

சென்னையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில், வண்ணம் பூசக் காத்திருந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கம், துளையும் கழுந்தும் சேருகிற மூலைகளில் எல்லாம் உளியால் போட்ட சின்னக் கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தக் கால் எந்த மூலைக்கு என்று ஆசாரி தனக்குத் தானே வைத்துக்கொண்ட கணக்கு. நாற்காலி முழுவதிலும் அவர் கையெழுத்தென்று இருந்தது அது மட்டும்தான். உட்காருகிறவர் பார்க்கவே முடியாத இடத்தில். 'அடியில யார் பாக்கப்போறா' என்று தெரிந்தவர் சொன்னார். அடியில் பெயின்ட் போகப்போவதில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரியும் கேட்டது.

ஆகவே என் வாதத்தை ஒரு தடையாணையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூசுங்கள், ஒட்டுங்கள். குப்பைக்குப் போவதைவிட அது மேல்தான். ஆனால் எந்தப் படம் என்று கேட்காமல் ஒட்டாதீர்கள். படத்தை இடம்மாற்றத் தெரிந்த கைக்கு, அந்த வீட்டின் பழைய கடிதமொன்றின் எழுத்தையும், ஒரு ரேஷன் கார்டின் பக்கத்தையும், அதைச் செய்தவரின் பெயரையும் இடம்மாற்றத் தெரியும், தொழில்நுட்பம் ஒன்றுதான். தேய்ந்த கைப்பிடியை உரசாமல் விட்டு மற்றதைப் பூசலாம். நின்றவர்களைப் பற்றி ஒரு வரி எழுதி ஒட்டுகிற தைரியம் யாருக்காவது வந்தால் அது நம் காலத்தின் முக்கியமான பிரதியாக இருக்கும். வரவேற்பறை அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

அதுவரைக்கும் விமர்சகனுக்கு வேலை இருக்கிறது. அழகாகப் பூசிய ஒரு நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் என்றால், முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கிற மரியாதைக்குறைவான வேலை.